லாயத்துக் குதிரைக்கு வைட்டமின் ஈ: எதை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை பக்கம் 12 வருடமாகக் குதிரை வளர்க்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. என்னிடம் இருந்த கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்று இந்த ஒரே ஒரு சத்துக் குறைந்து, நிற்க முடியாமல் நடுங்கியதைக் கண்ட பிறகுதான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். அதிலிருந்து குதிரை வைத்திருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நோய் என்று சந்தேகம் வந்தால் முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தளவை அவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

குதிரைக்கு வைட்டமின் ஈ எதற்கு?

திறந்து வைத்த கடலெண்ணெய் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். காற்றுப்பட்டுக் கொழுப்பு கெடுவதுதான் காரணம். உடலுக்குள்ளும் அதே வேலை நடக்கிறது. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. மூச்சுக்காற்றைக் கொண்டு உடல் சக்தியை எடுக்கும்போது உண்டாகும் கழிவுகள் அந்தச் சவ்வை அரிக்கும். அரிப்பு பரவாமல் அந்தச் சவ்விலேயே உட்கார்ந்து தடுப்பது வைட்டமின் ஈ. நரம்பும் தசையும்தான் இதை அதிகம் நம்பியிருக்கின்றன. குதிரையின் உடம்பே நரம்பும் தசையும்தானே!

1922-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேதரின் பிஷப் இருவரும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் இது தெரிய வந்தது. இந்தச் சத்து இல்லாத எலிகளுக்குக் குட்டி தங்கவில்லை. அதனால்தான் பிள்ளைப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘டோக்கோஃபெரால்’ என்று பெயர் வந்தது. டோக்கோஃபெராலில் பல வகை உண்டு. குதிரை உடலில் வேலை செய்வது பெரும்பாலும் ஆல்ஃபா வகை மட்டும்தான். வாங்கும்போது இந்தச் சொல்லை மறக்காதீர்கள்.

என் குதிரை வயிறு நிறையத் தின்கிறது. அதற்கு எப்படிக் குறையும்?

வைட்டமின் ஈ-யைக் குதிரையால் தயாரித்துக்கொள்ள முடியாது. பச்சைப் புல்தான் தயாரிக்கிறது. நாளெல்லாம் மேய்ச்சலில் இருக்கும் குதிரைக்கு எந்த மாத்திரையும் வேண்டாம். ஆனால் புல்லை அறுத்த நிமிடத்திலிருந்து சத்து இறங்கத் தொடங்கிவிடும். வெயிலில் காய்ந்து கட்டாக வருவதற்குள் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சியதும் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்து கரையும். கட்டு பார்க்கப் பச்சையாக இருந்தாலும் இதே கதைதான். வைக்கோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் ஊரில் முக்கால்வாசிக் குதிரைகள் எப்படி இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். காலையில் ஊறவைத்த கொள்ளு, தவிடு, கொஞ்சம் ஓட்ஸ். மீதி நேரத்துக்குக் காய்ந்த புல்லோ சோளத்தட்டையோ. கால் வைக்கத் தரை இருக்கும், மேயப் புல் இருக்காது. சவாரிப் பள்ளி, கல்யாண ஊர்வலம், கடற்கரைச் சவாரி, பந்தய லாயம் எல்லாவற்றிலும் இதே நிலைதான். ஈரலிலும் கொழுப்பிலும் இருப்பு இருப்பதால் உடனே எதுவும் தெரியாது. மாதங்கள் கழித்து, சில சமயம் வருடம் கடந்துதான் வெளிப்படும். அதற்குள் நாம் தீவனத்தை மாற்றிய நாளையே மறந்திருப்போம்.

கொள்ளும் தவிடும் போதாதா?

போதாது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். கொள்ளில் புரதம் இருக்கிறது, வைட்டமின் ஈ பெயருக்குத்தான். தானியங்களும் அப்படியே. பாக்கெட்டில் வரும் குதிரைத் தீவனத்தில் சேர்த்திருப்பார்கள். ஆனால் பொட்டலத்தில் எழுதிய அளவு, அதில் சொன்ன கிலோ கணக்கில் தினமும் போட்டால் மட்டுமே கிடைக்கும். 3 கிலோ போடச் சொன்ன இடத்தில் 1 கிலோ போட்டால் மூன்றில் ஒரு பங்குதான்.

பச்சைத் தீவனம் போட்டால் மாத்திரை வேண்டாமா?

எவ்வளவு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். நீரை நீக்கிய எடையில் கிலோவுக்குப் பொதுவாக 30 முதல் 100 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வரை இருக்கும். தினம் 12 கிலோ பச்சை அருகம்புல் போட்டால் காய்ந்த கணக்கில் 3 கிலோ. ஆக 90 முதல் 300 ஐ.யூ. கிடைக்கும். ‘பச்சை போடுகிறோமே’ என்று ஒரு கட்டை வீசிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது இதிலிருந்தே தெரியும்.

அறுத்த அன்றே போடுவது முக்கியம். அருகம்புல்லும் குதிரைமசாலும் நல்லவை. குதிரைமசாலின் பெயரிலேயே குதிரை இருக்கிறது. மாட்டுக்குப் போடும் நேப்பியர் புல்லை மட்டும் முழுத் தீவனமாக ஆக்காதீர்கள். அதில் ஆக்ஸலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நாளடைவில் குதிரையின் முக எலும்பு வீங்கிப் பஞ்சு போல ஆகும். பச்சைச் சோளத் தட்டையும் குதிரைக்கு ஆகாது. மூத்திரப்பையைக் கெடுப்பதோடு பின்னங்கால்களைத் தள்ளாடவும் வைக்கும். மாட்டுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் குதிரைக்கு ஒத்துக்கொள்ளும் என்ற நினைப்பில் நம் பக்கம் நிறையக் குதிரைகள் கெட்டிருக்கின்றன.

குறைந்துவிட்டால் என்ன அடையாளம் தெரியும்?

என் பெட்டையைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் முதுகுச் சதை வற்றியது. நன்றாகத் தின்றாள், ஆனாலும் இளைத்தாள். குடற்புழு மருந்து கொடுத்தோம், பல்லை ராவினோம். ஒரு மாதம் ஓடிவிட்டது. பிறகு நிற்கும்போது நான்கு கால்களையும் வயிற்றுக்கடியில் சேர்த்துவைத்து நிற்க ஆரம்பித்தாள். தொடை நடுங்கும். நிற்பதை விட நடப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. வழக்கத்துக்கு மாறாக அடிக்கடி படுத்தாள், தலையைத் தொங்கப்போட்டாள். பார்த்த எல்லோரும் ‘வயசாச்சு’ என்றார்கள். அவளுக்கு அப்போது 9 வயதுதான்.

பெரிய குதிரைகளில் இந்தக் குறை இரண்டு விதமாக வரும். ஒன்று தசையோடு நிற்பது: நடுக்கமும் பலவீனமும் இருக்கும், ஆனால் சத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். இன்னொன்று தசையை இயக்கும் நரம்பு செல்களே சாவது. 1990-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் முதலில் விவரித்த இயக்க நரம்பு நோய் அது. பெரும்பாலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் பச்சையே பார்க்காத குதிரைகளைப் பிடிக்கும். செத்த நரம்பு திரும்ப வராது. சில குதிரைகள் ஓரளவு தேறும், சில அப்படியே நிற்கும், சில மேலும் சரியும். இரண்டும் வெளியே ஒன்றுபோலவே தெரியும். வால் அடித் தசையில் ஒரு துளி எடுத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

குட்டிகளிலும் இளங்குதிரைகளிலும் வேறு மாதிரி வரும். பரம்பரையிலேயே அந்தக் கூறு உள்ள குட்டிக்கு முதல் இரண்டு வருடத்துக்குள் இந்தச் சத்துக் கிடைக்காவிட்டால், தண்டுவடம் பாதித்து நடை தள்ளாடும். வந்த பிறகு குணப்படுத்த முடியாது.

என் பெட்டைக்குத் தசையோடு நின்றது. முழுதாகத் தேற 4 மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத் தாமதத்தை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

ரத்தம் பார்க்காமல் நேராகக் கொடுக்கக் கூடாதா?

தினசரித் தேவைக்கான சாதாரண அளவைத் தாராளமாகக் கொடுக்கலாம். சிகிச்சைக்கான பெரிய அளவு என்றால் முதலில் ரத்தம் பாருங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே லாயத்தில் ஒரே தீவனம் தின்னும் இரண்டு குதிரைகளில் ஒன்றுக்குச் சரியாகவும் மற்றதற்குப் பாதியாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில்) ஆல்ஃபா டோக்கோஃபெரால் மில்லி லிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது. 1.5 முதல் 2 வரை விளிம்பு. அதற்குக் கீழே குறைபாடு. என் பெட்டைக்கு 0.9 இருந்தது.

மனிதர்களுக்கான பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கும்போது ஒரு குழப்பம் வரும். மனித ரத்தத்தில் இது 5-க்கு மேல் இருப்பதுதான் இயல்பு. ஆகவே 2.8 உள்ள ஆரோக்கியமான குதிரைக்கும் அறிக்கையில் ‘குறைவு’ என்று அச்சாகி வரும். அதைப் பார்த்துப் பயந்து மருந்தைக் கொட்டாதீர்கள். அலகையும் பாருங்கள். டெசி லிட்டருக்கு மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 10-ஆல் பெருக்குங்கள். மைக்ரோமோல் என்று போட்டிருந்தால் 2.32-ஆல் வகுங்கள்.

ரத்தம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். வெளிச்சம் படாமல் குழாயைச் சுற்றிவிடுங்கள். நிமிர்த்தியே வையுங்கள், ரத்தம் ரப்பர் மூடியில் பட்டுக்கொண்டிருந்தால் அளவு குறைவாகக் காட்டும். ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். மதிய வெயிலில் வண்டியில் கிடந்த குழாயின் முடிவை நம்ப முடியாது.

‘டி’ என்றும் ‘டிஎல்’ என்றும் போட்டிருக்கிறதே, என்ன வித்தியாசம்?

எந்த டப்பாவை வாங்குவது என்பதை இந்த ஓர் எழுத்தே தீர்மானிக்கும். ‘டி-ஆல்ஃபா’ என்றால் தாவர எண்ணெயிலிருந்து எடுத்த இயற்கை வகை. ‘டிஎல்-ஆல்ஃபா’ என்றால் ஆலையில் செயற்கையாகச் செய்தது. செயற்கையில் எட்டு வடிவங்கள் கலந்திருக்கும். எட்டில் ஒன்று மட்டுமே இயற்கையானதோடு அச்சாக ஒத்துப்போகும். ஈரல் அந்த வடிவத்தைத்தான் முதலில் தேர்ந்தெடுத்து ரத்தத்தில் விடும்.

ஐ.யூ. கணக்கு இந்த வித்தியாசத்தை ஓரளவு சரிக்கட்டுகிறது. செயற்கை அசிடேட் 1 மில்லிகிராம் 1 ஐ.யூ., இயற்கை அசிடேட் 1.36, அசிடேட் சேர்க்காத இயற்கை வகை 1.49. ஆனால் குதிரைகளின் ரத்தத்தில் பார்த்தால் வித்தியாசம் இதைவிடப் பெரிது. அதே ஐ.யூ. கொடுத்தாலும் இயற்கைதான் அதிகம் ஏற்றுகிறது.

‘அசிடேட்’ என்றால் கெடாமல் இருக்க ஒரு துணுக்கு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அலமாரியில் நன்றாகத் தாங்கும். குடலில் அந்தத் துணுக்கு நீங்கிய பிறகே உடலில் சேரும். மூன்றாவதாக, தண்ணீரில் கலக்கும்படி செய்த இயற்கை வகைத் திரவம் உண்டு. இதுதான் வேகமானது, ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் ஏறும். பொடி வகைக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனால் திரவத்துக்கு விலை அதிகம், நம் ஊர்க் கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான்: நல்ல உடம்போடு இருக்கும் குதிரைக்கு இயற்கைப் பொடி, காசு இல்லாத மாதத்தில் செயற்கை, ஒன்றுமில்லாமல் விடுவதற்கு அது மேல். நடுக்கமோ தள்ளாட்டமோ உள்ள குதிரைக்கு எப்பாடுபட்டாவது இயற்கை வகை.

‘கலவை டோக்கோஃபெரால்’ என்று மட்டும் போட்டு ஆல்ஃபாவின் அளவைப் பிரித்துக் காட்டாத டப்பாவை வாங்க வேண்டாம்.

சரி, எவ்வளவு கொடுப்பது?

முதலில் எடை. நெஞ்சுச் சுற்றளவை முன்னங்காலுக்குப் பின்னால் வைத்துச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் சுமார் 344 கிலோ. பந்தயக் குதிரைக்கு எழுதிய 500 கிலோ அளவை நாட்டுக் குதிரைக்கு அப்படியே போடும் தவறு நிறைய நடக்கிறது.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, சும்மா நிற்கும் குதிரைக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 ஐ.யூ. வேலை செய்யும் குதிரைக்கு 1.6 முதல் 2 வரை. பால் கொடுக்கும் தாய்க்கு 2. இது முழுத் தீவனத்திலிருந்தும் சேர்த்துக் கிடைக்க வேண்டிய அளவு. பச்சையே இல்லாத லாயத்தில், தீவனத்தில் வருவதைப் பெரிதாக எண்ணாமல், கிலோவுக்கு 2 ஐ.யூ. தனியாகக் கொடுத்துவிடுவது என் வழக்கம். 344 கிலோ குதிரைக்குச் சுமார் 700 ஐ.யூ.

குறைபாடு உறுதியானால் அளவு வேறு. மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது இயற்கை வகையில் கிலோவுக்கு 10 ஐ.யூ., அதாவது அதே குதிரைக்கு 3,440. ரத்தத்தைத் திரும்பப் பார்த்து, அளவு ஏறிய பிறகு படிப்படியாகக் குறைத்துப் பொடிக்கு மாற்றுவார்கள். ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அளவு சடாரென்று இறங்கிவிடும்.

மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் 400 கேப்சூலைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ‘டி’யா ‘டிஎல்’லா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். செயற்கை அசிடேட் 400 மில்லிகிராம் என்றால் 400 ஐ.யூ.; 344 கிலோ குதிரைக்குத் தினம் 2 போதும். ஊசியால் குத்தித் தவிட்டின் மேல் பிழிந்துவிடுங்கள். முழுதாகப் போட்டால் தொட்டியின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிடும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

தீவனக் கடையில் ‘50 சதவீதம்’ என்று பொடி மலிவாகக் கிடைக்கிறதே?

கோழிப் பண்ணைக்காக வருவது அது. ஒரு கிராமில் 500 ஐ.யூ. செயற்கை அசிடேட் இருக்கும். 700 ஐ.யூ.வுக்கு 1.4 கிராம், ஒரு சிட்டிகைதான். கரண்டிக் கணக்கில் போட்டால் ஆயிரக்கணக்கில் போய்விடும். நகைத் தராசு மாதிரிச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்தப் பொடியைத் தொட வேண்டாம்.

செலினியம் சேர்ந்தது இன்னும் நல்லது என்கிறார்களே?

வைட்டமின் ஈ-யும் செலினியம் என்ற தாதுவும் சேர்ந்து வேலை செய்யும் சத்துகள்தான். ஆனால் வைட்டமின் ஈ-யின் பாதுகாப்பு எல்லை அகலமானது, செலினியத்தின் எல்லை குறுகியது. 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிகிராம் செலினியம் போதும். கலவை டப்பாவில் வைட்டமின் ஈ-யைக் கூட்டுவதற்காக மூன்று கரண்டி போட்டால் செலினியமும் மூன்று மடங்காகிவிடும்.

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் போலோ போட்டிக்கு வந்திருந்த 21 குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து செத்தன. தயாரித்துக் கொடுத்த சத்து மருந்தில் செலினியம் அளவு தவறிப் பல மடங்கு கூடியிருந்தது. ஈ-யும் செலினியமும் கலந்த ஊசியை எடுக்கும் போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். மாட்டுக்கு வாங்கி வைத்த ஊசியைக் குதிரைக்கு நீங்களே போடாதீர்கள். சில குதிரைகளுக்கு ஒவ்வாமையால் உயிரே போகலாம். அப்படிப் பல ஊசிகளில் மில்லி லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில்தான் வைட்டமின் ஈ இருக்கிறது. 10 மி.லி. போட்டாலும் ஒரு நாள் தேவையைத் தாண்டாது. வைட்டமின் ஈ குறைந்தால் வைட்டமின் ஈ மட்டும் கொடுங்கள். செலினியத்தை ரத்தத்தில் பார்த்த பிறகு தனியாக யோசிக்கலாம்.

கோதுமை முளை எண்ணெய், தவிட்டெண்ணெய்?

கோதுமை முளை எண்ணெயில் 100 கிராமுக்குச் சுமார் 150 மில்லிகிராம் ஆல்ஃபா இருக்கிறது. மற்ற எண்ணெய்களோடு பார்த்தால் அதிகம்தான். ஆனாலும் 1,000 ஐ.யூ.வுக்கு ஏறக்குறைய 450 கிராம் ஊற்ற வேண்டும், கட்டுப்படியாகாது. சோயா எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா வகை, குதிரைக்கு உதவாது. உடம்பு பிடிக்கட்டும் என்று எண்ணெய் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: எண்ணெய் கூடினால் வைட்டமின் ஈ தேவையும் கூடும். ஒவ்வொரு மில்லி லிட்டர் எண்ணெய்க்கும் 1 முதல் 1.5 ஐ.யூ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதிகமானால் கெடுதலா?

கிலோவுக்கு 20 ஐ.யூ.வைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் ரத்தம் உறைவதிலும் எலும்பு இறுகுவதிலும் கோளாறு வரலாம். பெரிய அளவு நீண்ட நாள் போனால் வைட்டமின் ஏ சேர்வதும் தடைபடும். சவாரிக்குப் பிறகு தசை இறுகி நின்றுவிடும் குதிரைக்கு இதை அள்ளிக் கொடுத்தால் சரியாகும் என்பதும் உண்மையில்லை. அதற்குத் தீவனத்தில் மாவுச்சத்தையும் வேலை ஒழுங்கையும் முதலில் பார்க்க வேண்டும்.

சினைக் குதிரைக்கு?

கிலோவுக்கு 1.6 ஐ.யூ. குறைந்தபட்சம். கருவில் இருக்கும்போது குட்டிக்கு இது கொஞ்சம்தான் போய்ச் சேரும். சீம்பாலில்தான் கிடைக்கிறது. ஆகவே கடைசி மாதத்தில் தாய்க்கு நிறைவாக இருப்பது குட்டிக்கு நேரடியாக உதவும். குட்டிக்குத் தனியாக எதுவும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

பொடியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. என்ன செய்ய?

‘கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்’ என்று குதிரையைப் பற்றித்தானே சொல்லியிருக்கிறார்கள்! ஊறிய கொள்ளில் இரண்டு கரண்டி எண்ணெயும் கொஞ்சம் வெல்லமும் விட்டுப் பிசைந்து, அதில் கலந்து கொடுங்கள். இது கொழுப்பில் கரையும் சத்து என்பதால் அந்த எண்ணெய் உடலில் சேரவும் உதவும். வேகவைத்த கொள்ளாக இருந்தால் ஆறிய பிறகு கலக்குங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். இரும்புச்சத்து உள்ள தாதுப் பொடியோடு முன்கூட்டியே கலந்து வாளியில் வைக்காதீர்கள், சத்து கெடும். டப்பாவைத் தகரக் கூரைக்கடியில் வைக்க வேண்டாம். வீட்டுக்குள் இருட்டான இடத்தில் இருக்கட்டும்.

எப்போது நிறுத்தலாம்?

குதிரை மேய்ச்சலுக்குப் போகத் தொடங்கினால் நிறுத்தலாம். மழைக்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் புல் நன்றாக எழும். தினம் பல மணி நேரம் அதில் மேயவிட முடிந்தால் அந்த மாதங்களில் நான் கொடுப்பதில்லை. தை பிறந்து புல் வெளுக்கத் தொடங்கியதும் திரும்ப ஆரம்பித்துவிடுவேன். லாயத்தை விட்டு வெளியே வராத குதிரைக்கு வருடம் முழுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது, பங்குனி வாக்கில், ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பச்சை மிகக் குறைந்த மாதம் அதுதான்.